தணிகை அடிவாரத்துப் பட்டறை

திருத்தணிகை மலைக்கு 365 படிகள். வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்று சொல்வார்கள். சூரனோடு பொருத கோபம் தணிந்து முருகன் அமர்ந்த ஸ்தலமாதலால், கந்த சஷ்டியில் இங்கே சூரசம்ஹாரம் கிடையாது, புஷ்பாஞ்சலிதான். ஆடிக் கிருத்திகை வந்துவிட்டாலோ, புஷ்பக் காவடிகளின் கூட்டத்தில் மலை முழுவதுமே பூக்கூடையாகிவிடும். 1960-ம் வருஷம் வரையில் சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஊர் இது. ஆகவே கடைவீதியில் தமிழும் தெலுங்கும் இன்றும் தோளோடு தோள் உரசிக்கொண்டு செல்கின்றன.

திருவிழாப் பூக்களில் ஒரு பகுதி லாரி ஏறி வருகிறது. பக்தன் மலையேற மனோதிடம் போதும். லாரி மேடேறுவதற்கோ சுத்தமான டீசல் வேண்டும். இந்த உண்மையைக் கிருத்திகைக்கு முதல் நாள், சென்னைச் சாலையோரத்துப் பட்டறை ஒன்றில் கண்ணாரக் கண்டேன்.

மல்லிகைக் கூடைகளுடன் ஒரு பழைய லாரி அங்கே நின்றது. வழியில் மூன்று முறை நின்றுவிட்டதாம். சற்று ஓய்வு கொடுத்தால் கிளம்புமாம். மேடு கண்டால் மூச்சு வாங்குமாம்.

"பில்டரை மாத்திக் கொடுத்துடுங்க, மேஸ்திரி. மொட்டு விரியறதுக்குள்ளே போய்ச் சேரணும்" என்றார் டிரைவர்.

"திருவள்ளூரிலே மாத்தினேன்னு சொன்னியே தம்பி, அந்தப் பில்டர் என்ன ஆச்சு?" என்றார் மேஸ்திரி.

டிரைவர் பதில் சொல்லவில்லை. மேஸ்திரி டேங்கின் அடித்திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து வைத்தார். சிறிது நேரத்தில் மேலே டீசல் தெளிந்தது; கீழே இரண்டு விரற்கடை தண்ணீர்; அதற்கும் அடியில் துருவும் கசடும்.

டேங்கைப் பாதி காலியாக வைத்து வண்டியை நிறுத்தினால், காற்றிலுள்ள ஈரம் இரவுக் குளிரில் உட்சுவரில் துளிர்க்கிறது. டீசலைவிடக் கனமான தண்ணீர் அடியில் தங்கித் தகரத்தை அரிக்கிறது. தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து பாசிபோல் படிவதும் உண்டு. வண்டி ஓடும்போது இந்தக் கசடு எழும்பி டீசல் குழாயை அடைக்கிறது. நின்றால் மறுபடி படிந்துவிடுகிறது. ஓய்வு கொடுத்ததும் லாரி கிளம்பிய மர்மம் இதுவே!

"டேங்கை இறக்கணும். மூணு மணி நேரம் ஆகும்" என்றார் மேஸ்திரி. டிரைவர் பூக்கூடைகளைப் பார்த்தார், பாட்டிலையும் பார்த்தார். பிறகு கிளீனர் பையனைக் கூப்பிட்டுக் கூடைகளின் மேல் ஈரச் சாக்குப் போடச் சொன்னார்.

டேங்கை இறக்கிக் கழுவி, டீசலாலேயே அலசினார்கள். குழாய்களைக் கழற்றி, பம்பின் பக்கத்திலிருந்து டேங்கின் பக்கமாகக் காற்றடித்தார்கள். அடைப்பு வந்த வழியே திரும்பிப் போயிற்று. பில்டர்கள் இரண்டும் புதிதாயின. துணியில் வடிகட்டிய நல்ல டீசலை ஊற்றினார்கள்.

ஆனால் வேலை முடியவில்லை. ருடால்ப் டீசல் 1897-ல் ஜெர்மனியில் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் வழிவந்தது இது. இதில் தீப்பொறி கிடையாது. அழுத்திச் சூடேறிய காற்றில் டீசலைத் தூவினால் தானே பற்றிக்கொள்கிறது. குழாயில் காற்றுக் குமிழி இருந்தாலோ, பம்பு டீசலைத் தள்ளாமல் அந்தக் காற்றையே அமுக்கிக்கொண்டிருக்கும். ஆகவே பில்டரின் திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அடித்தார் மேஸ்திரி. நுரை வந்தது; பிறகு குமிழிகள்; கடைசியில் தெளிந்த டீசல். அடுத்து பம்பிலும், அதன்பின் ஒவ்வொரு நாசிலிலும் இவ்வாறே 'ஏர்' எடுத்தார். அவ்விடத்தில் மட்டும் கையை நீட்டிய பையனை அதட்டி விலக்கினார். நாசிலிலிருந்து பீறிடும் டீசல் தோலைத் துளைத்துவிடும்.

அந்தப் பம்பின் உறுப்புகளுக்கிடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்குதான். அங்கே ஒரு மணல் துகள் கூடப் பாறாங்கல்! இக்காலத்துக் கம்ப்யூட்டர் லாரிகளில் அழுத்தம் இன்னும் பன்மடங்கு. அவை அழுக்கைச் சிறிதும் பொறுக்கமாட்டா.

அந்தி சாய்வதற்குள் எஞ்சின் சீராக முழங்கிற்று. மேஸ்திரி கூலியை வாங்கிக்கொண்டு சொன்னார்: "ராத்திரி வண்டியை நிறுத்தறப்போ டேங்கை நிரப்பி நிறுத்து, தம்பி. காலையிலே பில்டர் அடியிலே இருக்கிற தண்ணியைத் திறந்து விடு. அப்புறம் என்கிட்டே வரவேண்டியதில்லை."

தம்மிடம் வரவேண்டாம் என்று வழிசொல்லி அனுப்பும் தொழிலாளர் இருக்கும் ஊரில், பூவும் வாடாது, நம்பிக்கையும் வாடாது.