சி ஷிப்ட் பாட்டு

வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், ஒரகடத்துக்கு முன்னால் வரும் ஊர் படப்பை. 2011இல் பெட்டியோடு அங்கே போய் இறங்கியபோது எனக்கு 21 வயது. டிப்ளமோ முடித்த கையோடு கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் டிரெய்னி வேலை. கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு மாடி ரூம். ஆறு பேர் இருந்தோம்; பாய் மூன்றுதான். மூன்று பேர் தூங்கும்போது மற்ற மூன்று பேர் லைனில் நிற்பார்கள். யாரோ எழுந்த சூட்டிலேயே இன்னொருவர் படுப்பார்.

இப்போது ஓசூரில் இருக்கிறேன். வேலை நிரந்தரம், வீடு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். இருந்தும் ராத்திரி ஒன்பதரை மணிக்குக் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் கேட்டால் மனசு படப்பைக்குத்தான் ஓடுகிறது. அங்கே நான் விட்டுவிட்டு வந்தது மூன்று நிமிடப் பாட்டு ஒன்று. அதைச் சொல்வதற்கு முன்னால், அந்தப் பாட்டைச் செய்யலாம் என்ற துணிச்சல் எங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும்.

அப்போது பாட்டு எங்களிடம் இரண்டு வழியில் வரும். ஒன்று, ரீசார்ஜ் கடை. மெமரி கார்டைக் கொடுத்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் கார்டு நிறையப் பாட்டு ஏற்றித் தருவார்கள். இன்னொன்று, புளூடூத். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனிலிருந்து நம் போனுக்கு ஒரு பாட்டு வந்து சேர்வதற்குள் ஒரகடம் சந்திப்பு வந்துவிடும். அப்படித்தான் ஒருநாள் காலை, ராத்திரி வேலையான சி ஷிப்ட் முடிந்து திரும்பும்போது, 'கிளப்புல மப்புல' என் போனுக்கு வந்தது.

பாடியவர் கோயம்புத்தூர்க்காரர், பெயர் ஆதி என்று பஸ்ஸிலேயே சொன்னார்கள். 1990இல் பிறந்தவர், என் வயதுதான். 2011இல் ரேடியோ மிர்ச்சி நிகழ்ச்சியொன்றில் அவர் பாடியது யூடியூபில் ஏறி, அங்கிருந்து தமிழ்நாடு முழுக்கப் பரவியிருந்தது. படமில்லை, ஹீரோ இல்லை, டைட்டில் கார்டு இல்லை. கல்லூரி ரூமில் நண்பனோடு சண்டை போடும் குரலில் ஒருவர் பேசுகிறார். அது தாளத்தில் உட்காருகிறது. அதுவரை எனக்குத் தெரிந்த பாட்டெல்லாம் யாரோ நடிகர் வாயசைத்தது. இது அவரே எழுதி அவரே சொன்னது. அன்று தூக்கம் வரவில்லை.

ரூமில் செய்யாறு அண்ணன் ஒருவர் இருந்தார். எங்களைவிட மூத்தவர். "இதுக்கே வாயப் பொளக்குறியா தம்பி" என்று சொல்லிவிட்டுத் தன் பழைய போனை எடுத்து யோகி பியைப் போட்டுக் காட்டினார். மலேசியத் தமிழரான யோகி பி, நட்சத்ரா குழுவோடு சேர்ந்து 'வல்லவன்' தொகுப்பை 2006இல் வெளியிட்டார். அதிலிருந்த 'மடை திறந்து', 'நிழல்கள்' படத்துக்கு இளையராஜா போட்ட மெட்டின்மேல் எழுந்து நின்ற ராப். ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா தொழிற்சாலை ஓடத் தொடங்கியதும் அதே 2006தான். பாட்டு கடல் தாண்டி வந்த வருஷத்திலேயே, அதை ஏந்திக்கொள்ளும் போனும் எங்கள் சாலையில் தயாராகத் தொடங்கியது என்று அண்ணன் பெருமையோடு சொல்வார்.

எங்களில் ஒருவன் உத்திரமேரூர்ப் பக்கம். பிரஸ் ஷாப்பில் வேலை. பவர் பிரஸ் தகட்டை அடிக்கும் சத்தம், அச்சு மேலே போகும்போது காற்று விடும் சத்தம், வெட்டுப்பட்ட துண்டு டப்பாவில் விழும் சத்தம் – மூன்றும் ஒரே இடைவெளியில் எட்டு மணி நேரம் அவன் காதில் விழும். ஒருநாள் ரூமுக்கு வந்து சோற்றுத் தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதையே தட்டிக் காட்டினான். "இதான்டா பீட்டு. நாம தினமும் கேக்குறோம், நமக்குத்தான் தெரியல" என்றான். அந்த வார்த்தையை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். தாளம் எங்கிருந்தோ வர வேண்டியதில்லை என்று அவனுக்குப் புரிந்திருந்தது.

இரண்டு மாத ஓ.டி. பணத்தில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி வந்தோம். மைக் வாங்கப் பணமில்லை. ஹெட்போனில் இருந்த மைக்தான். அதில்தான் ராப் பாட்டை உருவாக்குகிறவரின் வேலையைக் கற்றுக்கொண்டோம். அடிக்கும் சத்தத்தை ஒரு கட்டத்தில் வை, தாங்கும் சத்தத்தை இன்னொரு கட்டத்தில் வை, நான்கு எண்ணிக்கைக்கு ஒருமுறை அது திரும்பி வரட்டும். பிறகு சொல்லை அதன்மேல் ஏற்று. நெடில் விழும் இடத்தில் மூச்சு எடு. குறில் ஓடும் இடத்தில் ஓடு. பள்ளிக்கூடத்தில் மார்க்குக்காக மனப்பாடம் செய்த எதுகையும் மோனையும் அந்த ரூமில்தான் எங்களுக்கு உயிரோடு வந்தன.

உத்திரமேரூர் தம்பி செக் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதுவான். நாங்கள் திருத்துவோம். யாராவது ஒருவர் எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பதால் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் குரல் பதிவு. மின்விசிறியை நிறுத்தினால் தூங்குகிறவர் விழித்துக்கொள்வார். நிறுத்தாவிட்டால் அதன் சத்தமும் பதிவாகும். பதிவானால் ஆகட்டும், அதுவும் நம் ரூம்தானே என்று விட்டுவிட்டோம். பாட்டுக்கு 'சி ஷிப்ட்' என்று பெயர் வைத்தோம். "பஸ்ஸு வந்தா ராத்திரி, பஸ்ஸு போனா பகலு" என்று தொடங்கும். அந்த ஒரு வரிதான் இப்போது என் நினைவில் மிச்சம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எங்களைத் தூக்கி நிறுத்திய 'கிளப்புல மப்புல' பாட்டை இன்று என்னால் அதே மனசோடு கேட்க முடியவில்லை. கிளப்பில் குடிக்கும் பெண்களைக் கண்டிக்கும் பாட்டு அது. அப்படி யாரையும் எங்களில் ஒருவரும் பார்த்தது கிடையாது. எங்களுக்குத் தெரிந்த பெண்கள் அதே சாலையில் சி ஷிப்ட் முடித்து, கம்பெனி பஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போனவர்கள். நோக்கியாவின் லைன்களில் அப்போது பெரும்பாலோர் பெண்களாகத்தான் இருந்தார்கள். ஒருமுறை என் தங்கை ரூமுக்கு வந்தபோது அந்தப் பாட்டு ஓடியது. "நைட்ல வெளிய இருக்கிற பொண்ணுன்னா உங்களுக்கு இதுதான் தோணுமா அண்ணா?" என்று கேட்டாள். அவளும் அப்போது ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் எங்கள் பாட்டின் இரண்டாவது பகுதியை மாற்றி எழுதினோம். அதில் பஸ் ஜன்னலில் தூங்கும் ஒரு பெண் வந்தாள்.

அடுத்த வருஷங்கள் வேகமாக ஓடின. 2012இல் ஆதியின் 'ஹிப்ஹாப் தமிழன்' தொகுப்பு திங்க் மியூசிக் வழியாக வந்தது. 2013இல் அனிருத் இசையில் 'எதிர்நீச்சல்' படத்தில் ஆதியின் குரல் வந்தது. 2015 பொங்கலுக்கு 'ஆம்பள' படத்தில் ஆதியும் அவர் கூட்டாளி ஜீவாவும் ஹிப்ஹாப் தமிழா என்ற பெயரில் இசையமைப்பாளர்கள் ஆனார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் 'தனி ஒருவன்'. ரேடியோவில் பாடிய இளைஞன் நான்கே வருஷத்தில் சினிமாவுக்கு இசையமைத்தது எங்கள் வீட்டுப் பிள்ளை ஜெயித்ததுபோல இருந்தது. ஆனாலும் 2011இல் பஸ்ஸில் என் போனுக்கு வந்தபோது அந்தக் குரல் எனக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்ததோ, அவ்வளவு நெருக்கத்தில் தியேட்டரில் அது கிடைக்கவில்லை. கைக்குக் கை வந்த பாட்டில் கொடுத்தவனின் சூடும் சேர்ந்து வந்தது.

எங்கள் சாலையும் மாறிக்கொண்டிருந்தது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் 2010இலும், டெய்ம்லர் 2012இலும், ராயல் என்ஃபீல்டு 2013இலும் தொடங்கின. ஒருபக்கம் புதுக் கேட்டுகள் திறந்தன. இன்னொருபக்கம், 2014 நவம்பர் 1ஆம் தேதி ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. அந்தக் காலத்திலேயே எங்கள் ரூமும் கலைந்தது. ஒருவருக்கு கான்ட்ராக்ட் முடிந்தது. ஒருவருக்குக் கல்யாணம். செய்யாறு அண்ணன் ஊரோடு போய்விட்டார். கம்ப்யூட்டரை விற்று வாடகை பாக்கியைக் கட்டினோம். பாட்டு என் போனின் மெமரி கார்டில் இருந்தது. தாம்பரத்தில் ரயில் ஏறும் கூட்டத்தில் அந்தப் போன் தொலைந்தது. யூடியூபில் ஏற்ற வேண்டும் என்று மூன்று வருஷம் பேசிக்கொண்டிருந்தோம். இன்னும் கொஞ்சம் நன்றாக வரட்டும், நல்ல மைக் வாங்கிவிட்டுத் திரும்பப் பதிவு செய்யலாம் என்று தள்ளிப்போட்டோம்.

2019இல் 'தெருக்குரல்' என்ற ராப் தொகுப்பு வந்தது. அறிவு எழுதிப் பாட, ஆஃப்ரோ இசை அமைத்தது. அறிவு அரக்கோணத்துக்காரர். எங்கள் படப்பையிலிருந்து ரொம்ப தூரமில்லை. அதற்கு முந்தைய வருஷமே 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் அவர் மேடையேறியிருந்தார். அடுத்து 2021 மார்ச்சில் வந்த 'என்ஜாயி எஞ்சாமி'யில், தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் வாழ்க்கையை அவர் பாட்டில் ஏற்றியதை உலகமே கேட்டது. 'தெருக்குரல்' கேட்ட அன்று ஓசூர் வீட்டு மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்து அழுதேன். உழைக்கிறவன் வீட்டுக் கதை ராப்பில் நிற்குமா என்று நாங்கள் ரூமில் விடிய விடிய வாதாடியிருக்கிறோம். நிற்கும் என்று அரக்கோணத்திலிருந்து ஒருவர் காட்டிவிட்டார்.

ஆதிக்கும் அறிவுக்கும் எங்களுக்கும் திறமையில் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். அவர்கள் இடத்துக்கு நாங்கள் போயிருப்போம் என்று சொல்ல மாட்டேன். என் ஏக்கம் புகழைப் பற்றியது இல்லை. படப்பையில் ஆறு பேர் மூன்று பாயில் படுத்து, பிரஸ் சத்தத்தைப் பாட்டாக்கியதற்கு ஒரு சாட்சி இருந்தது. அது இப்போது இல்லை. அதுதான் வலிக்கிறது.

படப்பையிலும் ஒரகடத்திலும் சுங்குவார்சத்திரத்திலும் இன்று ராத்திரியும் ரூம்களில் பாய் மாறிப் படுப்பார்கள். அவர்களில் யாரோ ஒரு தம்பியோ தங்கையோ செக் ஷீட்டின் பின்பக்கத்தில் நான்கு வரி எழுதியிருப்பார்கள். அவர்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நல்ல மைக் வரும்வரை காத்திருக்காதீர்கள். மின்விசிறிச் சத்தத்தோடு இருந்தாலும் பரவாயில்லை, பதிவு செய்து இன்றைக்கே நான்கு பேருக்கு அனுப்பிவிடுங்கள். ஒரு போன் தொலைந்தாலும் பாட்டு இன்னொரு போனில் இருக்கும்.