சத்தம் வந்தால் சரியாகிவிட்டதா?

பஃபலோ ரோடு, ரேஸ் கோர்ஸ் ரோடு, கண்டாங் கெர்பாவ். தேக்காவின் பல பெயர்கள் விலங்குகள் விட்டுச்சென்றவை. மாட்டு வியாபாரம் போய்விட்டது. குதிரைப் பந்தயமும் 1933-இல் புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டது. இன்று அந்தத் தெருக்களில் பிடித்துவிடப்படும் கழுத்துகள் மனிதர்களுடையவை.

இங்கே முடிதிருத்தும் கடைக்குப் போகும் ஆண்கள் பலர் முடிக்காக மட்டும் போவதில்லை. தலையில் நாலு தட்டு, தோளில் ஒரு பிடி, பிறகு தாடையைப் பிடித்து வெடுக்கென்று ஒரு திருப்பு. 'டொக்' என்று சொடக்கு விழுந்தால்தான் என் அப்பாவுக்குக் கொடுத்த காசுக்குத் திருப்தி. பல வருஷம் லாரி ஓட்டிய கழுத்து. "பிசகினது உக்காந்துடுச்சுப்பா" என்பார்.

இதே நம்பிக்கையை ஒரு மருத்துவமுறையாகவே ஆக்கியவர் டி. டி. பால்மர். காந்த சிகிச்சை செய்துவந்த அவர், 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில், காது கேளாத ஒரு துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்திக் கேட்கவைத்ததாகச் சொன்னார். கைரோபிராக்டிக் அங்கே பிறந்தது. நம்மூரில் சுளுக்கு நீவுகிறவர்கள் சுளுக்கை மட்டும்தான் எடுத்தார்கள். பால்மரோ, பெரும்பாலான நோய்களுக்கே எலும்பு விலகல்தான் காரணம் என்றார்.

ஆனால் அந்தச் சத்தம் எலும்பு உட்காரும் சத்தம் இல்லை. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு, விரலை எம்ஆர்ஐ கருவிக்குள் வைத்துச் சொடக்கெடுத்துப் பார்த்தது. மூட்டு விலகும் நொடியில் அதன் திரவத்துக்குள் ஒரு குழி உருவாகிறது. சத்தம் அப்போதுதான் வருகிறது. எதுவும் இடம் மாறவில்லை, எதுவும் திரும்பி வரவுமில்லை.

"அப்புறம் ஏன் லேசா இருக்கு?" நியாயமான கேள்வி. நாள்பட்ட இடுப்புவலிக்கு இப்படிக் கையால் தரும் சிகிச்சை, உடற்பயிற்சி போன்ற மற்ற வழிகளுக்கு ஏறக்குறைய இணையான பலன் தருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆக, சுகம் பொய்யில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் பொய்.

என் அத்தை இதற்கு மேலே போனார். மூட்டுவலி வந்த தன் கிழ நாய்க்கும் முதுகு பிடித்துவிட ஆள் தேடினார். "மனுஷன்னா நம்பிக்கையில குணமாச்சுன்னு சொல்லலாம். நாய்க்கு என்னடா தெரியும்? அது பொய் சொல்லுமா?"

கொஞ்ச நாள் என்னிடம் பதில் இல்லை. பிறகு 2012-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வைப் படித்தேன். மூட்டுவலியால் நொண்டும் நாய்களுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை கொடுத்து, ஒவ்வொரு காலும் தரையில் எவ்வளவு விசை தருகிறது என்று தட்டுக்கருவியில் அளந்தார்கள். கருவியில் முன்னேற்றம் தெரியாதபோதும், சுமார் 40 சதவீதம் முறை நாயை வளர்ப்பவர்கள் முன்னேற்றம் கண்டார்கள். கால்நடை மருத்துவர்களும் அப்படியே. நாய் பொய் சொல்லவில்லை. அது நன்றாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டவர்களின் கண்தான் ஏமாந்தது.

பொறியியல் படித்த எனக்கு, அளவி பிழையாக இருக்கலாம் என்பது பழகிய விஷயம். அன்பும் ஓர் அளவிதான் என்பது புதிது.

சிங்கப்பூரில் கால்நடை மருத்துவருக்கு உரிமம் வேண்டும். சீன மருத்துவர்களுக்கு 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு உண்டு. கைரோபிராக்டருக்கு அப்படிச் சட்டப்பூர்வப் பதிவு எதுவும் இல்லை. கழுத்தை வேகமாகத் திருப்பும்போது, அரிதாக, மூளைக்குப் போகும் தமனி கிழிந்து பக்கவாதம் வரலாம். அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுக்கிறார். அதனால் தலைத் தட்டும் தோள்பிடியும் இருக்கட்டும், திருப்புவது மட்டும் வேண்டாம் என்றேன்.

அந்தப் பேச்சில்தான் இன்னொன்று வெளியே வந்தது. சில மாதமாக அவருக்கு இடது கைவிரல்கள் மரத்துப்போகின்றன. முடிதிருத்துபவரிடம் சொல்லியிருக்கிறார். எங்களிடம் சொல்லவில்லை. அவர்தான் மாதம் ஒருமுறை, தமிழில், "எங்கண்ணே வலிக்குது?" என்று தொட்டுக் கேட்கிறவர். வீட்டில் அப்படி யாரும் கேட்பதில்லை.

பாலிகிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். கழுத்தில் நரம்பு அழுத்தம் இருக்கலாம் என்று சில பயிற்சிகள் கொடுத்திருக்கிறார்கள். இப்போது வசந்தம் செய்தி ஓடும்போது மோவாயை உள்ளே இழுத்து, பத்து எண்ணிவிட்டு விடுகிறார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணுகிறேன்.

"இதுல சத்தமே வரலையேப்பா" என்கிறார்.