கடலோரத்தில் ஒரு ஞானஒடுக்கம்

தவக்காலம் வந்தால் வெள்ளிதோறும் புலாலை விலக்குவோம், சிலுவைப்பாதை செய்வோம். அத்துடன் கடமை தீர்ந்தது என்றே நானும் பல்லாண்டுகள் எண்ணியிருந்தேன். ஒருநாள் ஒடுக்கத்திற்காகக் கோவளம் சென்றபோதுதான் அவ்வெண்ணம் ஆட்டங்கண்டது.

நம் செங்கல்பட்டு மறைமாவட்டம் 2002இல் தோன்றியது. கோவளத்துக் கார்மேல் அன்னையின் ஆலயமோ 1808இல் ஜான் டி மான்டே என்னும் வணிகர் எழுப்பியது. அங்கே அமர்ந்தால் அலையோசை கேட்கும். புனித இஞ்ஞாசியார் தம் ஆன்மப் பயிற்சிகளுக்கு 30 நாள் வகுத்தார். 1548இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அவற்றை அங்கீகரித்தார். குடும்பஸ்தருக்கு 30 நாள் ஏது? எங்களுக்குக் காலை முதல் மாலை வரைதான். அதிலும் பேசாதிருப்பதே பெரும்பாடு!

பிற்பகலில் குருவானவர் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை எடுத்தார். காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலில் சகோதரனோடு சமாதானமாகச் சொல்லும் பகுதி. என் நெஞ்சு திடுக்கிட்டது. தந்தையாரின் வீட்டைப் பாகம் பிரித்ததில் மூண்ட மனஸ்தாபத்தால் ஒன்பது ஆண்டுகளாக அண்ணனோடு எனக்குப் பேச்சில்லை. அவர் மகள் திருமணத்திற்கும் நான் செல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் செய்ததைச் சொன்னதே மிகுதி. அன்று அவ்வாறு சொல்ல நா எழவில்லை.

திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு திரும்பியவன், என் வீட்டிற்குச் செல்லாமல் கொளவாய் ஏரிப் பக்கம் நடந்தேன். கதவைத் திறந்தவர் அண்ணியார். அண்ணன் எழுந்து நின்றார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இன்று ஒருசந்தியோ? சாப்பிடலாமா?" என்றார்.

அண்ணியார் இலை போட்டார்கள். வீட்டுப் பத்திரத்தைப் பற்றி அன்று நாங்கள் பேசவில்லை. அது இன்னும் தீராமலே இருக்கிறது.