பூச்சியம் என்னும் நற்செய்தி

துறைமுகத்திலிருந்து ஒருகொடவத்தைச் சுங்க முற்றத்துக்கு வரும் கொள்கலன்கள் அங்கே திறந்து சோதிக்கப்படுகின்றன. எதனைத் திறத்தல் வேண்டும் என்பதை அசிகுடா என்னும் கணினி முறைமை நிறத்தாற் குறிக்கின்றது. சிவப்பெனின் சோதனை, பச்சையெனின் வழி விடலாம். ஒரு பெட்டி பற்றிய ஐயம் முழுவதையும் ஒரு குறியிற் சுருக்கும் இவ்வழக்கத்துக்கு நெருங்கிய உறவுடையது, கணினி நிரலொன்று வேலை முடிந்து வெளியேறுகையில் தன்னை ஏவிய தாய்நிரலுக்கு விட்டுச்செல்லும் முடிவெண்.

யுனிக்ஸ் மரபிற் பூச்சியமே வெற்றி. ஏனைய எண்கள் யாவும் தோல்வி. பரீட்சை மண்டபத்து வழக்குக்கு இது நேர்மாறு. எனினும் காரணம் உண்டு. வேலை சரியாக முடிந்ததெனச் சொல்ல ஓர் எண் போதும். தவறிய விதங்களைச் சொல்லவோ பல எண்கள் வேண்டும். கட்டளைகளை இயக்கும் ஷெல் 127 என்றால் அப்பெயரில் நிரலே இல்லை. 126 என்றால் இருந்தும் இயக்க முடியவில்லை. 137 என்பது 128உடன் 9 சேர்ந்தது. ஒன்பதாம் சமிக்ஞையாற் கொல்லப்பட்டது என்பது பொருள். சொல் தேடும் கிரெப் நிரல் 1 எனின் அது பழுதன்று, தேடிய சொல் கிடைக்கவில்லை என்பதே. பழுதுக்கு அது 2 என்னும். இவ்வேறுபாடு அறியாதோர் இல்லாத குற்றத்தைத் தேடி இரவைக் கழிப்பர்.

தாய்நிரலுக்கு வழமையாகச் சென்று சேர்வது 0 முதல் 255 வரையான எண்ணே. ஆதலின் 256 என்று அலறி மடியும் நிரல் பூச்சியமாகவே பதிவாகும்! குழாய்வழி கோத்த நிரல்களிலோ, வேறு ஏற்பாடு செய்தாலன்றி, இறுதி நிரலின் எண்ணே வெளிவரும். முதலாவது மடிந்திருந்தாலும் கேட்பாரில்லை.

இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. நள்ளிரவில் தரவுகளைப் படியெடுக்கும் கட்டளைக் கோவையின் ஈற்றில் 'முடிந்தது' என அச்சிடும் வரி இருப்பதாகக் கொள்வோம். படியெடுத்தல் தோற்றாலும், இடையில் நிறுத்தும் ஏற்பாடு இல்லாவிடின், கோவை பூச்சியமே தரும். அச்சிடும் வேலை வெற்றியாக முடிந்ததல்லவா? வட்டு பழுதுறும் நாளிலேதான் படிகள் இல்லை என்பது தெரியவரும்.

நிரல் உண்மை சொன்ன பின்னரும் கேட்பவர் வேண்டும். கொழும்புத் துறைமுகம் நெரிசலுற்றிருந்த 2025 ஜனவரியில், சோதனைக்கெனக் குறிக்கப்பட்டவையும் உள்ளிட்ட 323 கொள்கலன்கள் திறந்து பாராமலே விடுவிக்கப்பட்டமை நாட்டிற் பெரும் சர்ச்சையாயிற்று. சிவப்பு என்று கணினி சொல்லியிருந்தவற்றையும் வெளியே விட்டது மனிதரின் தீர்மானம்; உள்ளே இருந்தவை எவை என்ற வினா அதன் பின்னரே எழுந்தது.