நாய் ஓடியதாக நான் சொன்ன குளம்

பழைய தொலைக்காட்சித் தொடர்களில் ஒரே கதிரையும் ஒரே வீடும் ஒரே தெருவும் திரும்பத் திரும்பத் தலைகாட்டுவதைப் பிடிப்பதில் எனக்கொரு பெயர் இருக்கிறது. ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் உள்ள றிச்மண்ட் ஹில்லில் எங்கள் சொந்தபந்தங்களுக்குள் மட்டும்தான். இருந்தாலும் பெயர் பெயர்தானே. அதைக் காப்பாற்ற நான் பொய் சொல்லியிருக்கிறேன். சொன்னதோடு நில்லாமல் அதற்கு மேல் பூசி மெழுகியும் இருக்கிறேன்.

ஆரம்பத்தில் சொன்னதெல்லாம் உண்மை. 1967இல் வந்த 'ஸ்ரார் ட்ரெக்' கதையொன்றில் விண்கலத் தலைவர் கேர்க் காலம் தாண்டிப் போய் 1930ஆம் ஆண்டு நியூயோர்க்கில் ஒரு பெண்ணோடு தெருவில் நடந்து போவார். பின்னால் ஒரு கடைக் கண்ணாடியில் 'ஃபுளோயிட்' என்ற முடிதிருத்தகத்தின் பெயர் தெரியும். அது 'அன்டி கிரிஃபித் ஷோ'வில் வரும் மேபெரி என்ற சிற்றூரின் சலூன். இரண்டுக்கும் கல்வர் சிற்றியில் இருந்த ஒரே திறந்தவெளி செற். பெயரை அழிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை. 1956இல் 'ஃபோபிடன் பிளனற்' படத்துக்காகச் செய்த ரொபி என்ற ரோபோவின் கதை இன்னும் பரிதாபம். 'ருவைலைற் சோன்', 'லொஸ்ற் இன் ஸ்பேஸ்' என்று வேலை தேடி அலைந்து, 1974இல் 'கொலம்போ'வின் கொலை வழக்கொன்றிலும் வந்து மாட்டிக்கொண்டது.

எனக்கு அதிகம் கைதட்டு வாங்கித் தந்தது ஒரு பத்திரிகை. 'மரீட் வித் சில்ட்ரன்' குடும்பத்தலைவர் கையில் இருக்கும் அதே பக்கத்தை இருபது வருடம் கழித்து 'மொடேர்ன் ஃபமிலி' குடும்பத்தலைவரும் விரித்து வைத்துக்கொண்டிருப்பார். கறுத்த தலைமுடிப் பெண்ணின் படம்கூட இருந்த இடத்திலேயே இருக்கும். கலிபோர்னியாவில் ஏர்ள் ஹேஸ் பிரஸ் என்றொரு அச்சகம். படப்பிடிப்புக்கென்றே பத்திரிகையும் சிகரெட் பெட்டியும் அச்சடிப்பது அவர்கள் தொழில். நிஜப் பத்திரிகையைக் காட்டினால் அனுமதி வாங்க வேண்டும். இதை வாங்கினால் அந்தத் தலையிடி இல்லை.

இப்படிப் பிடிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. திரைச்சீலையையும் சுவர் வர்ணத்தையும் சாமான்களையும் மாற்றிவிடுவார்கள், அவற்றைப் பார்க்கவே கூடாது. படிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது, யன்னலில் எத்தனை கண்ணாடிச் சதுரம், கற்சுவரில் வெடிப்பு எங்கே என்று பார்க்க வேண்டும். கதையில் யார் செத்தார் என்பது எனக்கு நினைவில் நிற்பதில்லை. அதற்கு மனைவி இருக்கிறா.

ரொறன்ரோ சொந்தப் பெயரில் நடித்தது குறைவு. 1994இல் தொடங்கிய 'டியூ சௌத்'தில் அது சிக்காகோ. 'சூற்ஸ்'இல் நியூயோர்க், அந்தச் சட்டத்தரணிகள் மிடுக்காக நுழையும் கட்டடம் எங்கள் பே அடிலெயிட் சென்ரர். 'ஸ்ரார் ட்ரெக்: டிஸ்கவரி'யில் வின்ஃபோர்ட் டிரைவில் இருக்கும் ஆகா கான் அருங்காட்சியகம் வல்கன் கிரகமாகிவிட்டது. சிவப்புத் தபால் பெட்டியை மறைத்து அமெரிக்க நீலப் பெட்டியை வைப்பார்கள், மஞ்சள் ரக்சிகளை நிறுத்துவார்கள். ஸ்ரீற்கார் தண்டவாளத்தை ஒளிக்கத்தான் வழியில்லை. எந்த ஊராகவும் வேடம் போடுகிற ஊரில் என்ன சொன்னாலும் எடுபடும். நான் கெட்டுப்போனதற்கு அந்த வசதியும் ஒரு காரணம்.

ஒரு கோடையில் லண்டனில் இருந்து வந்த மச்சானைக் குடும்பத்தோடு எங்கள் ஊர்க் குளமான மில் பொண்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். குளத்தைச் சுற்றி நடக்கும்போது கேட்டார்: "எல்லா இடத்திலயும் படம் எடுத்தவங்கள் எண்டுறீர், இஞ்ச ஒண்டும் எடுக்கேல்லையோ?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் தொண்டையைத் தாண்டவில்லை.

"ஏன் இல்லை? 'லிற்ரிலெஸ்ற் ஹோபோ' இஞ்சதான். அந்த மரத்தடியாலதான் நாய் ஓடினது."

1979 முதல் 1985 வரை புதிதாக எடுத்து, பிறகு எத்தனையோ தரம் மறுஒளிபரப்பான கனடியத் தொடர் அது. ஒரு ஜேர்மன் ஷெப்பர்ட் நாய் ஊரூராகப் போகும். இக்கட்டில் இருப்பவருக்கு உதவும். அவர்கள் வைத்திருக்க ஆசைப்பட்டாலும் நில்லாமல் போய்விடும். இங்கே வந்த புதிதில் நானும் விரும்பிப் பார்த்தது. நாய் பேசாது என்பதால் ஆங்கிலம் அவ்வளவு தேவைப்படவில்லை. ரொறன்ரோவைச் சுற்றியுள்ள இடங்களில்தான் பெரும்பாலும் எடுத்தார்கள் என்பது உண்மை. அந்த உண்மையின் முதுகில் என் பொய்யை ஏற்றிவிட்டேன். அது மில் பொண்டில் ஓடியதற்கு என்னிடம் ஒரு துண்டு ஆதாரமும் இல்லை. மச்சானோ மரத்தடியில் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்தார்.

அதோடு முடிந்திருந்தால் மறந்திருப்பேன். பிறகொரு நாள் பேவியூ அவெனியூவில் உள்ள பிள்ளையார் கோயிலில் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது, தெரிந்த அண்ணை ஒருவர் தோளில் தட்டினார். "தம்பி, உமக்குத் தெரியாமலே ஒரு சங்கதி. மில் பொண்டில ஹோபோ எடுத்தவங்களாம். தண்ணிக்குள்ள விழுந்த பிள்ளையை நாய் இழுத்துக்கொண்டு வந்து கரையில போட்டதாம்."

என் பொய் என்னிடமே திரும்பி வந்திருந்தது, கையோடு ஒரு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் வேறு எங்கே கிடைக்கும்? பிள்ளையாரும் பக்கத்தில்தான். நான் சொன்னது இதுதான்: "ஓம் அண்ணை, அது மூண்டாம் சீசன்."

அவருக்கு ஏற்பட்ட மரியாதையை முகத்தில் கண்டேன். வெட்கம் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. அங்கே நிற்கும்போது சந்தோசமாகத்தான் இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இப்போது 'ஹோபோ'வை முதலில் இருந்து பார்த்துக்கொண்டு வருகிறேன். மொத்தம் 114 கதை. குற்ற உணர்ச்சியில் பார்க்கிறேன் என்று மனைவியிடம் சொன்னேன். உண்மையில் தேடுவது மில் பொண்டை. எங்கேயாவது ஒரு காட்சியில் அகப்பட்டுவிட்டால் நான் சொன்னது பொய்யில்லை என்றாகிவிடும் அல்லவா?

போன கிழமை ஒரு குளம் வந்தது. நிறுத்தினேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்ராறியோவில எல்லாக் குளமும் உப்பிடித்தான்" என்றா. நான் கேட்கவில்லை. திரையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு மில் பொண்டுக்குப் போய், கரையோரமாக நடந்து நடந்து ஒப்பிட்டுப் பார்த்தேன். கரையின் வளைவு பொருந்தவில்லை. எதிரே தெரிந்த மேடும் பொருந்தவில்லை. இந்த நாற்பது வருடத்தில் கரையை வெட்டித் திருத்தியிருப்பார்கள் என்று அந்த அண்ணைக்குச் சொல்வதற்கு, காரில் ஏறுவதற்குள்ளேயே வசனம் தயாராகிவிட்டது.