அருந்ததி தெரிகிறாளா?

உலு திராமில் இருட்டிய பிறகு தெற்கே பார்த்தால் வானம் கறுப்பாக இருப்பதில்லை. ஜொகூர் பாருவும் அதற்கப்பால் சிங்கப்பூரும் சேர்ந்து அடிவானத்தில் சாம்பலும் ஆரஞ்சுமாக ஒரு வெளிச்சத்தைப் பூசி வைத்திருக்கின்றன. 2016இல் வெளிவந்த உலக ஒளிமாசு வரைபடத்தில் சிங்கப்பூருக்குத்தான் முதலிடம். விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்புக்கு எழுந்து பால்மரக் காட்டுக்குள் நடந்த தலைமுறை நட்சத்திரங்களைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. அவர்களின் பேரப்பிள்ளைகள் தாமான் வீட்டு வாசலில் நின்று எண்ணினால் விரல்களே போதும்.

இந்த இழப்பை அளக்கலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த செய்தி. கருவிகூட வேண்டாம். 'குளோப் அட் நைட்' திட்டம் 2006 முதல் பொதுமக்களிடம் ஒன்றையே கேட்கிறது: நிலவில்லாத இரவில் வெளியே போய், கண்ணை இருளுக்குப் பழக்கி, மேலே தெரிவது நாங்கள் தரும் எந்தப் படத்தோடு ஒத்துப்போகிறது என்று சொல்லுங்கள். தை மாதத்தில் பார்க்க வேண்டியது மிருகசீரிடமும் திருவாதிரையும் உள்ள ஓரியன். நம் ஊரில் அது ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல் வரும்.

2011 முதல் 2022 வரை இப்படிச் சேர்ந்த 51,351 பதிவுகளை ஆராய்ந்தவர்கள், வானம் ஆண்டுக்குச் சராசரியாக 9.6 விழுக்காடு வெளிச்சமாகி வருகிறது என்று 2023இல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். எட்டு ஆண்டுக்குள் இரட்டிப்பு! செயற்கைக்கோள்கள் காட்டியதைவிட இது மிக அதிகம். எல்இடி விளக்கின் நீல ஒளி அவற்றின் கருவியில் சரியாகப் பதிவதில்லை. பக்கவாட்டில் சிதறும் வெளிச்சமும் அப்படித்தான். மனிதக் கண் இரண்டையும் பார்த்துவிடுகிறது.

ஆனால் பதிவுகள் வந்த 19,262 இடங்களில் 9,488 வட அமெரிக்காவிலும் 3,699 ஐரோப்பாவிலும் இருந்தன. மிச்ச உலகம் முழுவதற்கும் ஆறாயிரத்துச் சொச்சம். நம் வானத்தைப் பற்றி நாமே வாய் திறக்கவில்லை. கோயில் திருவிழா முடிந்தும் விடிய விடிய எரியும் சீரியல் விளக்குகளைப் பற்றியும் பேசவில்லை. கோயிலுக்கு மட்டும் விலக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

கல்யாணத்தில் பட்டப்பகலில் அருந்ததி பார்க்கச் சொல்வார்கள். பார்த்ததாக நாமும் தலையாட்டுவோம். உண்மையில் அது நான்காம் பருமன் விண்மீன், வெறுங்கண்ணுக்கு நல்ல சோதனை. மே மாதத்தில் நிலவில்லாத ஓர் இரவு, பத்து மணிக்கு மேல், சிங்கப்பூருக்கு முதுகைக் காட்டி வடக்கே பாருங்கள். வசிட்டர் எனும் விண்மீனுக்குப் பக்கத்தில் அவள் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் பதிவு செய்யுங்கள். தெரியவில்லை என்பதும் அளவுதான்.