பழைய ஆட்டமும் புதிய விலைச்சீட்டும்

சென்ற ரமலானுக்குச் சில வாரங்கள் முன்னர், அஸர் தொழுகை முடித்து மேலப்பாளையத்துப் பள்ளிவாசல் திண்ணையில் நாம் அமர்ந்திருந்தபோது, முன்னொரு நாளில் நம்மிடம் ஓதிய இளைஞர் ஒருவர் வந்து ஸலாம் உரைத்தார். பொறியியல் கற்றவர். பெங்களூரு வேலையை விட்டுவிட்டு, நண்பர் இருவருடன் வீட்டு மாடியில் கணினி விளையாட்டு ஒன்றை ஆக்கிவருபவர்.

"ஹழ்ரத், விற்பனைக்கு நாலு வரி விளம்பரம் எழுதியிருக்கிறேன். நீங்கள்தாம் தமிழைத் திருத்தித் தரவேண்டும்" என்றார்.

நஹ்வும் ஸர்ஃபும் கற்பித்து நரைத்த நமக்கு இப்படியும் ஒரு பணி வாய்த்ததே என்று நகைத்தவாறு தாளை வாங்கினோம். தலைப்பைக் கண்டதும் நகைப்பு நின்றது. "பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா மீண்டும் வருகிறது!" என்றிருந்தது.

1989இல் ஜோர்டான் மெக்னர் என்னும் அமெரிக்கர் ஆப்பிள் 2 கணினிக்கென ஆக்கிய ஆட்டம் அது. தம் தம்பியை ஓடவும் தாவவும் செய்து படம் பிடித்து, அவ்வசைவுகளைப் பார்த்து வரைந்தே இளவரசனுக்கு உயிரூட்டினார். இசை தந்தையார் அமைத்தது. அறுபது நிமிடத்துக்குள் இளவரசியை மீட்கவேண்டும். அதில் வரும் கொடிய அமைச்சனின் பெயர் ஜாஃபர். பர்மக்கீ குலத்து ஜஃபரை அரபு வரலாற்றில் பயின்ற நமக்கு அது சற்று உறுத்தவே செய்தது. அது கிடக்கட்டும்.

"இது உன்னுடைய ஆட்டமா, தம்பி?"

"முழுவதும் நாங்களே புதிதாகக் கட்டியது, ஹழ்ரத்."

"பெயர்?"

அவர் விடை கூறவில்லை.

தாமிரபரணிக் கரைக் கோரையை நீரில் ஊறவைத்துக் கிழித்துப் பத்தமடைப் பெண்கள் நெய்யும் மென்பாய் பட்டுத்துணிபோல் மடியும். முரட்டுப் பாயையும் அவ்வூர்ப் பெயர் சொல்லி விற்பார் உண்டு. வாங்குபவர் பாயைத் தொடுமுன்பே பெயரை வாங்கிவிடுகிறார்.

இவ்வணிகத்தின் போக்கை அவரே பல மாலைகளில் நமக்கு விளக்கினார். ஸ்டீம் என்னும் இணையச் சந்தையில் ஓர் ஆட்டத்தை வைக்க நூறு டாலர் கட்டணமாம். கடை விரித்ததும் பழைய காட்சியையும் புதிய காட்சியையும் அடுத்தடுத்துக் காட்டும் சிறு படம் ஒன்றை வெளியிடுவர். கண்டவர் 'விருப்பப் பட்டியலில்' குறித்துக்கொண்டால், வெளியீட்டு நாளில் அவர்க்குச் சந்தையே மடல் விடுக்கும். வாங்கிய பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆடாதிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம் என்றதும், நம் ஃபிக்ஹுப் பாடத்துக் 'கியார்' நினைவுக்கு வந்து மகிழ்ந்தோம்.

"பெயரை எடுத்துவிட்டால் எங்களைத் தேடி வருபவர் யார், ஹழ்ரத்? உம்மாவின் வளையலை அடகு வைத்துத்தான் இத்தனை மாதம் ஓட்டினோம்" என்றார். அவர் குரல் கம்மியிருந்தது.

அவர் கூறிய செய்திகளிலேயே விடை இருந்தது. 'மெட்ராய்டு 2' என்னும் 1991ஆம் ஆண்டு ஆட்டத்தை அர்ஜென்டினாக்காரர் ஒருவர் பல்லாண்டு உழைத்துப் புதுக்கி, 2016 ஆகஸ்டில் காசு வாங்காமலே வெளியிட்டார். உரிமையுடைய நிண்டெண்டோ அதை இறக்கிக்கொள்ளும் வழியைச் சில நாளில் அடைத்தது. இலவசம் என்பது இசைவாகாது.

மற்றொன்று 'பிளாக் மீசா'. வால்வு நிறுவனத்தின் 1998ஆம் ஆண்டு 'ஹாஃப் லைஃப்' ஆட்டத்தைத் தொண்டர் சிலர் புதிதாகக் கட்டி 2012இல் இலவசமாகத் தந்தனர். அதுவே அவர்கட்குப் பெரும் விளம்பரமாயிற்று. பின்னர் அந்நிறுவனத்தின் இசைவு பெற்று, இறுதிப் பகுதி இன்னும் ஆகவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லியே 2015இல் விற்கத் தொடங்கினர். அப்பகுதி முடிந்து ஆட்டம் முழுமையானது 2020 மார்ச்சில். வாங்கினோர் ஐந்தாண்டுக்கு அருகில் காத்திருந்தனர்! முன்பணம் பெற்றுப் பொருளைப் பின்னர் தரும் 'ஸலம்' வணிகத்தில் தரும் நாள் குறிக்கப்படவேண்டும் என்று மாணவர்க்குப் பாடம் சொன்னவர் நாம். நாள் குறியாத இவ்விற்பனை எதில் சேரும் என்று ஓரிரவு முழுதும் கிதாபுகளைப் புரட்டினோம்; முடிவுக்கு வந்தோமில்லை. ஆயினும் இல்லாததை இல்லை என்று சொன்ன அவர்தம் வாய்மை நம்மைக் கவர்ந்தது.

ஆடும் முறை எவர்க்கும் பொது. படமும் இசையும் நிரலும் பெயரும் உடையவர்க்கே உரியன. இவ்வளவே நாம் சொன்னோம். வளையலைப் பற்றிச் சொல்ல நம்மிடம் ஏதும் இல்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து மீண்டும் வந்தார். இளவரசன் போய், பொருநைக் கரைக் கோட்டையொன்றில் ஓடும் காவற்சிறுவன் வந்திருந்தான். புதிய தாளில், "1989ஆம் ஆண்டு ஆட்டத்தை ஆடி வளர்ந்த மூவர் ஆக்கியது. அதை ஆக்கியவர்க்கும் எமக்கும் தொடர்பில்லை. ஐந்து கட்டங்களில் மூன்றே முடிந்துள்ளன" என்று எழுதியிருந்தார். விட்டுப்போன ஓர் ஒற்றெழுத்தை மட்டும் நாம் சேர்த்தோம்.

விருப்பப் பட்டியலில் இதுவரை எத்தனை பேர் என்று கேட்டோம். சிரித்துக்கொண்டே கைவிரல்களை இருமுறை விரித்துக் காட்டினார்.